குஸ்கா சைவம் கிடையாதுய்யா!

அழகர்கோயிலுக்கோ வைகை அணைக்கோ கீழக்குயில்குடி ஆலமரத்தடிக்கோ இருபது பேர் சேர்ந்து கிளம்புறாங்க. ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவரணும்னு முடிவாகுது. மட்டன் சுக்காவுக்கும் சிக்கன் பிரியாணிக்கும் பத்து கை எந்திரிக்குது. "சைவத்துக்கு என்ன?"ன்னு கேட்டா மட்டும் சத்தத்தையே காணோம். கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு மேதாவி சொல்றாரு: "அதான் குஸ்கா இருக்கே, பீஸ் இல்லாம வச்சா சைவம்தானே?"

யோவ்! பிரியாணியில பீஸ் இல்லாம எடுக்கிற குஸ்காங்கிறது கறியோட ஒரே அண்டாவுல வெந்த சோறு. கறிச்சாறும் கொழுப்பும் ஒவ்வொரு பருக்கையிலயும் ஏறியிருக்கும். துண்டைப் பொறுக்கிட்டா சைவமாயிடும்னா, மீன் குழம்புல மீனை எடுத்துட்டு ஊத்த வேண்டியதுதானே?

அடுத்த கொடுமை தயிர்சாதம். சைவம்னதும் நாலு வீட்டுலயும் ஒரே யோசனை, நாலு தூக்கு தயிர்சாதம் வந்து இறங்கும். தொட்டுக்க ஒரு பாக்கெட் சிப்ஸ். சாப்பாட்டை முடிச்சு வைக்கிறதுக்குத்தான்யா தயிர்சாதம். அதை மட்டுமே ஒருத்தன் எவ்வளவுதான் திங்கிறது? சரி, அதையாச்சும் ஒழுங்கா செய்றாங்களா? காலையில ஆறு மணிக்கு தயிரை மட்டும் கொட்டிப் பிசைஞ்சு மூடி எடுத்துட்டு வந்தா, ஒரு மணிக்குப் பல்லு கூசும். ஒரு டம்ளர் அரிசிக்கு நாலு டம்ளர் தண்ணி வச்சுக் குழைய விட்டு, சூட்டோட மசிச்சு, காய்ச்சின பால் ரெண்டு டம்ளர் ஊத்தணும். கை பொறுக்கிற சூடு வந்தப்புறம் தயிர் ரெண்டே கரண்டி. மத்தியானத்துக்குள்ள அதுவே உறைஞ்சு பதமா நிக்கும். வெங்காயம், வெள்ளரிக்காயை முன்கூட்டியே போடாதீங்க, தண்ணி விட்டு நொசநொசன்னு ஆயிடும். இருபது பேருக்கு ஒரே ஒரு வீட்டுல செஞ்சா போதும், அரைக் கிலோ அரிசி தாராளம்.

இன்னொரு கோஷ்டி இருக்கு, ஆர்வக்கோளாறு. பூரி, பன்னீர் பட்டர் மசாலா, தேங்காய்ச் சட்னி. சித்திரை, வைகாசியில மதுரை வெயில் நாப்பது டிகிரியைத் தொடும். கார் டிக்கிக்குள்ள அதைவிட மோசம். பச்சைத் தேங்காய் அரைச்ச சட்னி மூணு நாலு மணி நேரத்துல நூல் விட ஆரம்பிச்சிடும். தேங்காய் தூவின பொரியலுக்கும் அதே கதிதான். பூரி செருப்புத் தோலா மாறும். பன்னீர் கிரேவியில கிரீம் தனியா எண்ணெய் தனியா பிரிஞ்சு கிடக்கும், வாசனையே வேற மாதிரி அடிக்கும். வெஜிடபிள் பிரியாணியை ஆவி பறக்க ஹாட்பாக்ஸ்ல அடைச்சுக் கொண்டுவருவாங்க. மூடியில சேர்ந்த தண்ணியெல்லாம் சொட்டி, மேல் சோறு சொதசொதன்னும் உருளைக்கிழங்கு பிசுபிசுன்னும் வந்து சேரும்.

"அங்க போய் சுடவச்சுக்கலாம்"னு ஒரு சமாதானம் வேற. சோத்துல பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கு. அதோட வித்து, சோறு கொதிச்சாலும் சாகாது. வெதுவெதுப்பான சூட்டுல மணிக்கணக்கா கிடந்தா முளைச்சுப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தியைக் கிளப்புற அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அதனால வெளியிடத்துக்குக் கொண்டுபோற சோறுன்னா புளிப்பு ஏறியிருக்கணும், எண்ணெய் பூசியிருக்கணும், தண்ணி இல்லாம இருக்கணும்.

அப்படின்னா என்ன? புளியோதரைதான்! "அய்ய, கோயில் பிரசாதம்"னு மூக்கைச் சுளிக்கிறவங்க, நல்லா செஞ்ச புளியோதரையைச் சாப்பிட்டதே கிடையாதுன்னு அர்த்தம். வெந்த சோத்துல கடையில வாங்கின பேஸ்ட்டைப் பிசைஞ்சு எடுத்துட்டு வந்தா அப்படித்தான் இருக்கும்.

இருபது பேருக்கு ஒரு கிலோ அரிசி. வெந்தா ரெண்டரை, மூணு கிலோ சோறு வரும். பழைய புளி 150 கிராம், நல்லெண்ணெய் கால் லிட்டர். எண்ணெயில கஞ்சத்தனம் பண்றவங்க இந்தப் பக்கமே வராதீங்க, மத்தியானம் சோறு வறண்டு தொண்டையில நிக்கிறது உங்களாலதான். பொடிக்கு வரமிளகாய் பதினஞ்சு, மல்லி மூணு மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு ரெண்டு, எள்ளு ரெண்டு, வெந்தயம் ஒரு டீஸ்பூன். எல்லாத்தையும் தனித்தனியா வறுக்கணும். வெந்தயம் கறுத்துச்சுன்னா அத்தனையும் கசப்பு, அதைச் சரிபண்ண வழியே கிடையாது.

கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளிச்சு, கெட்டியாக் கரைச்ச புளி, மஞ்சள்தூள், உப்பு போட்டு, எண்ணெய் பிரிஞ்சு மேல வர்ற வரைக்கும் சுண்டவிடுங்க. இதுலதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறது. பச்சை வாசனை போனதும் இறக்கிடுறாங்க. தண்ணி நின்னா கெடும்யா! கடைசியில பொடி பாதி, வெல்லம் ஒரு துண்டு. புளிக்காய்ச்சலைத் தனியா நக்கிப் பார்த்தா உப்பு கரிக்கணும், சோத்துல சேரும்போது சரியாயிடும். இதை முந்தின நாள் ராத்திரியே செஞ்சு வச்சுக்கலாம்.

சோத்தை விடியக்காலையில வடிங்க, இல்லன்னா குக்கர்ல ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி. தாம்பாளத்துல பரப்பி, சூட்டுலயே கொஞ்சம் நல்லெண்ணெய், பச்சைக் கறிவேப்பிலை போட்டு ஆறவிட்டு, புளிக்காய்ச்சலைச் சேர்த்துக் கிளறுங்க, மீதிப் பொடியையும் தூவுங்க. ஒரு மணிக்குள்ள ஊறி நிக்கும். ஆறாம மூடி போட்டா பிரியாணிக்குச் சொன்ன அதே வியர்வை இதுலயும் சொட்டும். அலுமினியத் தூக்கு வேணாம், புளி அதை அரிக்கும். எவர்சில்வர்தான்.

"வெறும் புளிச்சோறு எப்படி மெயின் டிஷ் ஆகும்?" நியாயமான கேள்வி. கறுப்புக் கொண்டைக்கடலை 200 கிராம் ராத்திரி ஊறவச்சு, உப்புப் போட்டு வேகவச்சு, நல்லா வடிகட்டி, கொஞ்சம் எண்ணெயில ஒரு பிரட்டு பிரட்டி, வறுத்த நிலக்கடலை 150 கிராமோட சோத்துல கலந்துடுங்க. பருப்பும் ஆச்சு, வயிறும் நிறையும். கடலை ஈரமா இருந்தா மட்டும் சேர்க்காதீங்க.

புளியோதரை வேற யாரோ கொண்டுவர்றாங்கன்னா பொடி இட்லி. ஆளுக்கு மூணு, அறுபது இட்லி. ஆறினப்புறம் ரெண்டு பக்கமும் நல்லெண்ணெயில குழைச்ச பொடி தடவி, வாழை இலை போட்டு அடுக்கணும். கிருத்திகை, வெள்ளிக்கிழமைன்னா பூண்டு போடாத பொடி. இதுக்குச் சட்னியே வேணாம்.

அப்புறம் அளவு. "சைவம் அஞ்சு பேருதானே"ன்னு அஞ்சு பேருக்கு அளந்து செய்றாங்க பாருங்க, அங்கதான் எரியுது. பிரியாணி தின்னவங்க அத்தனை பேரும் "ஒரு கரண்டி டேஸ்ட் பார்ப்போம்"னு வருவாங்க. சுக்காவுல முங்கின அதே கரண்டியோட! அஞ்சு பேரும் தட்டைத் தூக்கிட்டு வர்றப்ப அடியில கறிவேப்பிலைதான் கிடக்கும். ஏன், நாங்க என்ன இலையைத் தின்னவா வந்தோம்? இருபது பேருன்னா இருபது பேருக்கும் செய்யுங்க. சைவப் பந்தியை முதல்ல முடிங்க. அந்தப் பாத்திரத்துக்குன்னு ஒரு கரண்டியை நூல் கட்டித் தொங்கவிட்டாலும் தப்பில்ல.

அழகர்கோயில் பக்கம்னா மூடிக்கு மேல ஒரு கல்லும் வச்சுடுங்க. அங்கத்துக் குரங்குகளும் சைவம்தான்.