ஸ்டேஜ் 1 போதும் என்று ஆரம்பிப்பவர்களுக்கு

ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230 காரைச் செகண்ட்ஹேண்டில் வாங்குகிற பலரும் முதலில் விசாரிப்பது ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டுவது பற்றித்தான். ஆசையில் தப்பில்லை. கம்பெனியிலிருந்து வரும்போது அந்த 2.0 டிஎஸ்ஐ இன்ஜின் 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). லேப்டாப்பைச் சொருகி பார்ட் எதையும் மாற்றாமல் செய்யும் ஸ்டேஜ் 1 ஃபைலை ஏற்றினால் பவர் 300ஐ நெருங்கும், டார்க் 400ஐத் தாண்டும். செலவு ஒரு லட்சத்துக்குள். இத்தனை மலிவாக இத்தனை பவர் கிடைப்பதுதான் ஆபத்து.

அந்தக் காரின் ஆறு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு (டிக்யூ250) கம்பெனி வைத்திருக்கும் டார்க் வரம்பே 350தான். நாலாவது கியரில் மிதிக்கும்போது ஆர்பிஎம் குபீரென்று ஏறி, வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. உடனே கியர்பாக்ஸுக்கும் ட்யூன் செய்து, கிளட்சை அழுத்தும் ஆயில் பிரஷரைக் கூட்டுவார்கள். பழைய ஆயிலோடு தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கம்பெனி சொல்லும் 60,000 கி.மீ. வரை காத்திருக்காமல் ஃபில்டரோடு சேர்த்து மாற்றுங்கள். ஐந்து லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும்.

அடுத்தது ஸ்பார்க் பிளக். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) கூடினால் பிளக் முனையின் அகலமான இடைவெளியில் தீப்பொறி அணைந்துபோகும், மிதித்தால் வண்டி உதறும். பலர் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைச் சந்தேகப்பட்டு நாலையும் மாற்றிவிடுகிறார்கள். ஒரு ஸ்டெப் கோல்டு (சூட்டை வேகமாக வெளியேற்றும்) பிளக் வாங்கி, ஃபீலர் கேஜ் வைத்து 0.6 மி.மீ. சுமாருக்கு இடைவெளியைக் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகும். பிறகு மூன்றாவது கியரில் 2,000 முதல் 6,000 ஆர்பிஎம் வரை முழுதாக மிதித்து இன்ஜின் டேட்டாவை லாக் எடுங்கள். ஏதாவது ஒரு சிலிண்டரில் தீப்பொறி டைமிங் நாலைந்து டிகிரிக்கு மேல் பின்வாங்கினால் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது) இருக்கிறது. 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய ஃபைலில் 91 ஊற்றினால் நடப்பது இதுதான். சென்னை மே மாத வெயிலில் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறினாலும் இதே கதை.

அந்தச் சூட்டைக் காட்டித்தான் ஸ்டேஜ் 2 உள்ளே வருகிறது. பெரிய இன்டர்கூலர், டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), அதற்கொரு ஃபைல். டவுன்பைப்பை மாற்றும்போது புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றினால் செக் இன்ஜின் லைட் எரியும், புகை விதியும் மீறப்படும். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்முக்கும் சிக்கல். அதற்கும் மேலே போனால் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் காரின் பெரிய ஐஎஸ்38 டர்போ, அதற்கு ஈடுகொடுக்கும் ஃப்யூயல் பம்ப், கிளட்ச் பேக். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

என் கருத்து, வரிசையையே திருப்பிப் போட வேண்டும். முதலில் நல்ல டயர், பிரேக் பேட், புது பிரேக் ஆயில். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சில லேப் போனாலே ஈரம் இழுத்த பழைய பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். 230 பவருக்கே அந்த நிலை.

அதற்குப் பிறகும் ஸ்டேஜ் 1 வேண்டுமென்றால் செய்யுங்கள், அதோடு நில்லுங்கள். ஒரிஜினல் ஃபைலின் பேக்கப்பைக் கேட்டு வாங்குங்கள். கார் ட்யூனரிடம் போகும் முன் டார்ச் அடித்து இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே பாருங்கள். தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் ஒன்றாக இருக்கும் பிளாஸ்டிக் ஹவுசிங்கில் இளஞ்சிவப்பாகக் கூலன்ட் காய்ந்த கறை இருந்தால், ரீமேப்புக்கு வைத்த பணம் முதலில் அங்கே போகட்டும்.