ரேமை ஏற்றினால் சரியாகிவிடுமாம்!

மூன்று ஜிபி ஃபைலை ஒருவர் டவுன்லோட் செய்தால் சர்வரும் மூன்று ஜிபி ரேமைத் தின்றே ஆக வேண்டுமா? யார் வைத்த சட்டம் இது? மறுபடியும் சர்வர் படுத்துவிட்டது. லாகைத் திறந்தால் வழக்கம்போல ஓஓஎம் கில்லர், அதாவது மெமரி தீர்ந்தால் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று இடம் பிடிக்கும் லினக்ஸின் ஏற்பாடு. அது கொன்றிருப்பது யாரை? டேட்டாபேஸை! டவுன்லோடுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாவம், அந்த நேரத்தில் அதிக மெமரியோடு உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு மீட்டிங்கில் சொல்லப்படும் ஒரே வைத்தியம், ரேமை ஏற்று. எங்கள் சர்வர் புரோகிராம் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியில், ஒரு ஸ்கிரிப்ட் எடுக்கக்கூடிய மெமரி லிமிட் வழக்கமாக 128 எம்பி. அதை 512 ஆக்கு, போதவில்லையா, 4 ஜிபி ஆக்கு. சரி, ஒரே நேரத்தில் பத்துப் பேர் டவுன்லோட் பட்டனை அழுத்தினால்? அதற்கு மட்டும் பதில் வராது.

புரோகிராம் கோடை (code) பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது. ஃபைல் முழுவதையும் ஒரு வேரியபிளில், அதாவது மெமரியில் வாங்கி, பிறகு எக்கோ என்று மொத்தமாக வெளியே அனுப்புவது. கிணற்றை மொத்தமாக வீட்டுக்குள் இறைத்துக் கொட்டிவிட்டுத்தான் ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பேன் என்கிற கதை. ஃபைலைத் துண்டு துண்டாகப் படித்து அனுப்பும் ரீட்ஃபைல் ஃபங்ஷனுக்கு மாற்றிவிட்டோம், அப்படியும் சர்வர் விழுகிறது என்று ஒருவர் வருகிறார். ரீட்ஃபைல் தன்னளவில் மெமரியைத் தின்னாது என்று பிஎச்பி மேனுவலிலேயே இருக்கிறது ஐயா! அவுட்புட் பஃபரிங், அதாவது அனுப்ப வேண்டியதை முதலில் மெமரியில் சேர்த்துவைக்கும் வசதி, ஆனில் இருந்தால், அனுப்புவதெல்லாம் போய்ச் சேராமல் அந்த பஃபரில்தான் குவியும். அதை அணைக்கச் சொல்லியும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறது. படித்தால்தானே!

சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட் (Node.js) ஆட்கள் சிரிக்க வேண்டாம். டிஸ்க் கொடுக்கும் வேகத்துக்கு வாங்குபவரின் நெட் ஈடுகொடுக்காது. டேட்டாவை அனுப்பும் ரைட் ஃபங்ஷன் "ஃபால்ஸ்" என்று திருப்பித் தருகிறதே, அது "போதும், கொஞ்சம் பொறு" என்ற கெஞ்சல். அதைக் காதில் வாங்காமல் லூப்பில் எழுதிக்கொண்டே போனால், அனுப்பாத டேட்டா எல்லாம் மெமரியில்தான் தேங்கும். தேங்கியது வடிந்துவிட்டது என்று சொல்லும் "டிரெயின்" (drain) சிக்னல் வரும்வரை காத்திருக்கக்கூடாதா? நோடிலேயே இருக்கும் பைப்லைன் ஃபங்ஷனைப் போட்டுவிட்டால் அந்தக் காத்திருப்பையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பாதியில் டேபை மூடிவிட்டு ஒருவர் போய்விட்டால் ஃபைலையும் அதுவே மூடும். வெறும் பைப் ஃபங்ஷன் மூடாது. திறந்த ஃபைல்கள் அப்படியே தொங்கும்.

இதற்கு நடுவே டாஷ்போர்டைப் பார்த்து, "ஃப்ரீ மெமரி குறைந்துவிட்டது!" என்று அலறும் கூட்டம் வேறு. அது பேஜ் கேஷ், படித்த ஃபைல்களை லினக்ஸ் சும்மா இருக்கும் மெமரியில் வைத்திருப்பது; தேவைப்பட்டால் லினக்ஸ் தானே விட்டுக்கொடுக்கும். அதைக் கழுவி விட, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஒரு ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறார்கள். யாரிடம் போய் அழ?

உண்மையில் பெரிய ஃபைலை அப்ளிகேஷன் தொடவே வேண்டியதில்லை. இவருக்கு அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு, பதிலோடு எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட் (X-Accel-Redirect) என்று ஒரு ஹெடர், அதாவது ஒரு வரிக் குறிப்பு அனுப்பினால் மீதியை முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் (nginx) பார்த்துக்கொள்ளும். எத்தனை ஜிபி ஃபைலாக இருந்தாலும் அது கையில் வைத்திருப்பது சிறு சிறு பஃபர்தான். பாதியில் அறுந்த டவுன்லோட் விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் கூடவே கிடைக்கும். ஒரே ஒரு ஹெடர்! அதைச் சொன்னால், "நல்ல யோசனை, அடுத்த ஸ்பிரிண்டில் (அடுத்த சில வார வேலைத் திட்டத்தில்) எடுத்துக்கலாம்" என்கிறார்கள். ரேம் வாங்க மட்டும் அன்றைக்கே அப்ரூவல் வந்துவிடுகிறது.