போதை மட்டுமல்ல, ஒரு போலீஸ் கார்டும்

ஜாஸ் கலைஞர்கள் என்றாலே "திறமை இருந்துச்சு, போதையில அழிஞ்சாங்க" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறோம். ஹெராயின் பலரைத் தின்றது உண்மைதான். ஆனால் 1940 முதல் 1967 வரை நியூயார்க் கிளப்புகளில் யார் வாசிக்கலாம், யார் கூடாது என்று தீர்மானித்தது போலீஸ். அதைக் கணக்கில் சேர்க்காமல் அந்தக் காலத்து நியூயார்க் கலைஞர் எவருடைய வாழ்க்கையைப் படித்தாலும் அரைகுறைதான்.

அதற்குப் பெயர் கேபரே கார்டு. மது விற்கும் கிளப்பில் வேலை செய்யும் எல்லோருக்கும் வேண்டும், சமையல்காரர் உட்பட. கைரேகை, போட்டோ கொடுக்கணும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். போதை வழக்கில் சிக்கினால் கார்டு போச்சு. கார்டு இல்லாதவரை மேடையேற்றினால் கிளப்பின் லைசன்ஸுக்கே ஆபத்து என்பதால், போலீஸ் வருவதற்கு முன்னால் முதலாளியே கதவைச் சாத்திவிடுவார்.

ரெக்கார்டிங், மது இல்லாத அரங்கு, பிலடெல்பியா மாதிரி வெளியூர், இதெல்லாம் தடையில்லை. அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்பவர்களுக்கு: ஒரு ரெக்கார்டிங் அமர்வு மூன்று மணி நேரம். பக்கவாத்தியக்காரருக்கு சங்கம் நிர்ணயித்த கூலி ஒருமுறை, அத்தோடு சரி. அரங்கக் கச்சேரி ஒரே ராத்திரி. கிளப்பில் கிடைத்தால் வாரத்துக்கு ஆறு இரவு, விடிய விடிய, சில சமயம் மாதக்கணக்கில். வீட்டு வாடகை அதில்தான் வரும். அதைவிட முக்கியம், குழு பாட்டைக் கற்றுக்கொள்வதும் அங்கேதான்.

பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க்கைப் பாருங்கள். 1951 ஆகஸ்டில் சக பியானோ கலைஞர் பட் பவலோடு காரில் இருந்தபோது கைதானார், காரில் ஹெராயின் கிடைத்தது. நண்பருக்கு எதிராக வாய் திறக்க மறுத்தார். 60 நாள் சிறை, கார்டும் போனது. முப்பத்து மூன்று வயது. 1957 வரை நியூயார்க் கிளப்புகளில் முறையாக வாசிக்க வழியில்லை. மனைவி நெல்லி வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார். 1955-ல் பிரெஸ்டீஜ் ரெக்கார்டு கம்பெனி அவர் ஒப்பந்தத்தை இன்னொரு கம்பெனியான ரிவர்சைடுக்கு விட்டுக்கொடுத்தபோது, அவர் பிரெஸ்டீஜுக்குத் தீர்க்க வேண்டியிருந்த பாக்கி 108 டாலர் 27 சென்ட். அவருடைய சந்தை மதிப்பு அவ்வளவுதான்!

1956-ல் அவருடைய 'பிரில்லியண்ட் கார்னர்ஸ்' ஆல்பம் பதிவு. சன்னி ராலின்ஸ், மேக்ஸ் ரோச், ஆஸ்கர் பெட்டிஃபோர்ட்: கூட இருந்தவர்கள் எல்லாம் ஜாம்பவான்கள். ஆனாலும் தலைப்புப் பாட்டை 25 முறை எடுத்தும் ஒன்றுகூட முழுதாகத் தேறவில்லை. கடைசியில் நாடாவை வெட்டி ஒட்டினார்கள். பாட்டு கடினம் என்று எல்லோரும் எழுதுவார்கள். வாசிப்பவர்களுக்கு அதை ராத்திரி ராத்திரியாகப் பழக ஓர் இடமில்லை என்பதை யாரும் எழுதுவதில்லை.

1957 கோடையில் கார்டு திரும்பக் கிடைத்தது. ஃபைவ் ஸ்பாட் என்ற சின்ன கிளப்பில் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனோடு மாதக்கணக்கில் வாசித்தார். அந்த நவம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹால் அரங்கில் இதே குழு வாசித்த நாடா, 2005-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. 1956 பதிவையும் அதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கோல்ட்ரேன் மாங்க் பாட்டுகளின் முரட்டுத் திருப்பங்களில் மூச்சு விடுவதுபோல் போய்வருகிறார். ஃபைவ் ஸ்பாட்டின் இரவுகள் கொடுத்தது அது. 1958-ல் டெலவேரில் மாங்க் இன்னொரு முறை கைதானார், மறுபடியும் கார்டு போனது.

பாடகி பில்லி ஹாலிடே 1948 மார்ச்சில் சிறையிலிருந்து வந்த சில நாளில் கார்னகி ஹாலை நிரப்பினார். ஆனால் நியூயார்க்கில் மது ஊற்றும் ஒரு கிளப்பில் பாட, சட்டப்படி, சாகும்வரை அனுமதி இல்லை. டிராம்போன்காரர் ஜே.ஜே. ஜான்சன் 1950களின் தொடக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் சரிபார்க்கும் வேலைக்குப் போனார். கார்டு பிரச்சினையை அவர் நீதிமன்றம் வரை கொண்டுபோனார்.

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருவது ஜாக்கி மெக்லீன் விஷயத்தில். கார்டு இழந்த அவர் 1959-ல் லிவிங் தியேட்டர் என்ற நாடகக் குழுவின் நாடகத்தில் சாக்ஸபோன் வாசித்துப் பிழைத்தார், நாடக மேடைக்குக் கார்டு வேண்டாம் என்பதால். அவருக்குக் கிடைத்த பாத்திரம்? ஹெராயினுக்காகக் காத்திருக்கும் இசைக்கலைஞர்.