சாகாத மனிதரும் சலூன் கடைப் புத்தகமும்

போன வாரம் தங்கச்சிமடத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரப் பையன் என் போன் கவரில் இருந்த மண்டையோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, இவரு பறக்க மாட்டாரு, சுவர் ஏற மாட்டாரு, குண்டு பட்டா ரத்தம் வரும். இவரெல்லாம் சூப்பர் ஹீரோவா?" காமிக்ஸில் வரும் முகமூடி வீரர் வேதாளரைத்தான் (ஆங்கிலத்தில் ஃபேண்டம்) கேட்டான். பதில் சொல்ல வாயெடுத்தேன், பாயசம் வந்துவிட்டது. அதனால் இங்கே.

முதலில் பெயர்ப் பஞ்சாயத்து. இந்திரஜால் காமிக்ஸ் படித்த அண்ணன்மாருக்கு அவர் வேதாளன். ராணி காமிக்ஸ் படித்த என் வயசுக்காரர்களுக்கு அவர் மாயாவி. ஆனால் 1972-இல் முத்து காமிக்ஸ் முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவி என்ற வேறொரு நாயகர் வந்துவிட்டதால், 'மாயாவி' என்று வாயைத் திறந்தாலே "எந்த மாயாவி?" என்று சண்டைக்கு வருவார்கள். நான் வேதாளர் என்றே சொல்கிறேன்.

என் பதிவு அவரைப் பற்றியது இல்லை, அவரை எழுதியவரைப் பற்றியது. லீ ஃபால்க். 1936 பிப்ரவரி 17-இல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் வேதாளரைத் தொடங்கினார். 1999 மார்ச்சில் இறக்கும்வரை எழுதினார். 63 வருஷம். ரே மூர், வில்சன் மெக்காய், முப்பது வருஷத்துக்கு மேல் சை பாரி என்று வரைகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். எழுதியவர் ஒருவர்தான். வேதாளருக்கு இரண்டு வருஷம் முன்பே மந்திரவாதி மாண்ட்ரேக் கதையைத் தொடங்கி அதையும் கூடவே எழுதினார், நடுவில் நாடகம் வேறு போட்டார். சூப்பர்மேன் வந்தது 1938-இல்தான். உடம்போடு ஒட்டிய உடுப்பும், கருவிழி தெரியாத முகமூடியும் அதற்கு முன்பே ஃபால்க் கதையில் வந்தாச்சு. ஆக, தம்பி, உன் ஆட்களெல்லாம் இவருக்குப் பேரன்மார்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், முதல் கதையிலேயே அவர் பாதி வழியில் மனசை மாற்றிக்கொண்டது. ஜிம்மி வெல்ஸ் என்று ஒரு பணக்காரப் பிள்ளை. ராத்திரியானால் அவன்தான் முகமூடி மாட்டுவான் என்பது திட்டம். கதை பத்திரிகையில் தினமும் வந்துகொண்டிருக்கும்போதே, சரிப்படாது என்று அவனை ஓரங்கட்டிவிட்டு, முகமூடிக்காரரைக் காட்டுக்குக் கொண்டுபோய், நானூறு வருஷப் பரம்பரை ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். அச்சில் போனதைத் திரும்ப வாங்க முடியாது என்ற நிலையில் இதைச் செய்ய ஒரு துணிச்சல் வேண்டும்.

அந்தப் பரம்பரை தொடங்குவது ஒரு கடற்கரையில். 1536. கடற்கொள்ளையர் கப்பலைத் தாக்குகிறார்கள், தகப்பன் கண்ணெதிரே சாகிறான், பையன் மட்டும் உயிரோடு கரை ஒதுங்குகிறான். அப்புறம் அதே கரையில் ஒரு பிணம் ஒதுங்குகிறது. அது போட்டிருப்பது அவன் அப்பாவின் உடுப்பு. கொன்றவன் யாரென்று அதை வைத்துத்தான் தெரிகிறது. அந்தக் கொலைகாரனின் மண்டையோட்டின் மீது சத்தியம் செய்கிறான்: கொள்ளையையும் கொடுமையையும் ஒழிப்பேன், எனக்குப் பின் என் மகன், அவன் மகன்.

இதைப் பட்டணத்துப் பிள்ளை படிப்பதும் பாம்பன் பிள்ளை படிப்பதும் ஒன்றில்லை. 'ஒதுங்கிருச்சு' என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் அடுப்படிப் பேச்சே நின்றுபோகும். தனுஷ்கோடியை அழித்த 64 புயலுக்குப் பிறகு எங்கள் கரையில் என்னென்ன ஒதுங்கியது என்று அப்பத்தா கடைசிவரை வாய் திறந்ததில்லை.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் அப்பா கடலுக்குப் போக மாட்டார். எனக்குக் கொண்டாட்டம். சலூன் கடை அண்ணனிடம் கெஞ்சி, முனை மடங்கிய பழைய புத்தகங்களை வாங்கி வருவேன். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டே, "சத்தமா வாசி" என்பார். அப்படித்தான் இருபதாவது வேதாளர் சாகிற கட்டத்தை வாசித்தேன். மகன் அமெரிக்காவில் படிக்கிறான், விளையாட்டிலும் புலி. வேதாளரின் காட்டு நண்பன் குரன் அவ்வளவு தூரம் தேடிப்போய், அப்பா சாகக் கிடக்கிறார் என்கிறான். பையன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து அந்த உடுப்பை மாட்டிக்கொள்கிறான். மறுநாள் காட்டுக்குள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. சாகாத மனிதர் சாகவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவின் கை நின்றுவிட்டது. "படிச்சுக்கிட்டிருந்த பயலை ஏன் கூப்புட்டான்?" என்று மட்டும் கேட்டார்.

தம்பி கேட்டதற்கு என் பதிலும் அதில்தான் இருக்கிறது. இந்த ஆளிடம் இருப்பது சக்தி இல்லை, தொழில். வடகடலுக்கோ தென்கடலுக்கோ போகிற எந்த வத்தையிலும் இது நடக்கிறது. தாத்தா பேரில்தான் படகு, ஆள் மட்டும் மாறும்; கரையில் நிற்கிறவனுக்குத் தூரத்தில் தெரிவது படகுதான். ஃபால்க் எங்கள் கரையை வரைபடத்தில்கூடப் பார்த்திருப்பாரோ என்னவோ. ஆனால் அதைப் பிடித்துவிட்டார். பப்புவா நியூ கினி மலைக்காரர்கள் சண்டைக் கேடயத்தில் வேதாளர் படத்தை வரைந்துகொண்டார்கள் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

குறையில்லாமல் இல்லை. கானகம் முதலில் ஆசியா மாதிரி இருந்தது, பிறகு ஆப்பிரிக்கா ஆனது. புலியும் சிங்கமும் ஒரே காட்டில் திரியும். பங்கல்லா என்ற அந்த நாட்டின் பெயர் வங்காளத்தோடு குழம்பும் என்று இந்தியப் பதிப்பில் டெங்காலி என்று மாற்றினார்கள். அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். கறுப்பர் காட்டில் ஒரு வெள்ளைக்காரன் உட்கார்ந்து நானூறு வருஷம் நியாயம் சொல்வதுதான் இப்போது வாசிக்கையில் உறுத்துகிறது. ஃபால்க்குக்கும் உறுத்தியிருக்க வேண்டும். பின்னாளில் அந்த நாட்டுக்கு லுவாகா என்ற கறுப்பின டாக்டரைத் தேர்தலில் ஜெயித்த ஜனாதிபதியாக்கினார். கானகக் காவல்படையில் வெள்ளைக்காரக் கர்னல் வீக்ஸ் போய், கறுப்பரான கர்னல் வொருபு வந்தார். போதுமா என்றால், போதாது. ஆனால் தான் எழுதியதைத் தானே திருத்துகிறவர் எத்தனை பேர்?

அதைவிடப் பெரிய துணிச்சல் கல்யாணம். 1936-இல் முதல் கதையில் வந்த காதலி டயானாவை வேதாளர் 1977-இல்தான் கட்டினார். 41 வருஷம்! எங்கள் ஊராக இருந்தால் அதற்குள் நாலு பஞ்சாயத்து கூடியிருக்கும். நாயகனுக்குக் கல்யாணமானால் கதை படுத்துவிடும் என்று எல்லாரும் பயப்படுவார்கள். ஃபால்க் 1979-இல் இரட்டைப் பிள்ளைகளையும் கொடுத்தார், கிட், ஹெலாய்ஸ். பழைய தலைமுறைக் கதை ஒன்றில், காயம்பட்ட அண்ணனுக்காக ஜூலி என்ற தங்கை முகமூடி மாட்டுவாள். அதனால் ஹெலாய்ஸ் மீது எனக்கு ஒரு கண் உண்டு.

63 வருஷமும் முத்தாக எழுதினார் என்று சொல்ல மாட்டேன். டயானாவைக் கடத்துவது, எல்லை தாண்டிய சர்வாதிகாரி, மறுபடி டயானாவைக் கடத்துவது என்று அரைத்த மாவையே அரைத்த காலமும் உண்டு. சை பாரி வரைந்த காலத்து நடுப்பகுதிதான் எனக்கு உச்சம். அங்கே ஒரு வசனம் கூடுதலாக இருக்காது. மேடையில் பழகிய கை என்பது தெரியும்.

எங்கள் வத்தையை விற்று ஒன்பது வருஷம் ஆகிறது. நான் ராமநாதபுரத்தில் ஆபீஸ் வேலை. அப்பா என்னைத் தேடி எந்தக் குரனையும் அனுப்பவில்லை. நேற்று ராத்திரி இந்தப் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த 21-ஆவது ஆளு மகன், அவன் காட்டுக்கு வந்தானா இல்லையா?" என்றார்.

"அவன் பெரியவனாகுறதுக்குள்ள எழுதுன மனுஷன் போயிட்டாருப்பா."

அப்பா சிரித்தார். "அப்ப அந்தப் பய தப்பிச்சான்."