உள்ளூர்க்காரன் என்ற பதவி

பழைய நண்பன் வீட்டுக்கு வந்து தங்குவதில் எனக்கு மகிழ்ச்சிதான். அவனோடு ஒரு நாள் வெளியே போய்வருவதில்தான் தொல்லை.

காலை 6 மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. 9 மணிக்கு வாயில் பிரஷ்ஷோடு வந்து சார்ஜர் கேட்கிறான். பிறகு ஒரு காலில் ஷூவை மாட்டி, லேஸின் இரு முனைகளையும் கையில் பிடித்தபடியே கல்லூரிக் கதையொன்றைத் தொடங்கினான். கதை முடிந்தபோது மணி பத்தே முக்கால். லேஸ் இன்னும் கையிலேயே இருந்தது. மற்றொரு ஷூ கட்டிலுக்கு அடியில்.

வழியெல்லாம் கேள்விகள். இந்த மண்டபத்தை யார் கட்டியது, அந்தக் குன்றுக்கு என்ன பெயர்? எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில்தானே இருக்கிறது, என்றைக்காவது பார்த்துக்கொள்ளலாம் என்று பத்து வருடமாக எட்டிக்கூடப் பார்க்காதவன் நான். "இவ்வளவு காலம் இருந்து என்ன செய்தாய்?" என்கிறான். வேலைக்குப் போனேன், துணி துவைத்தேன், வேறென்ன?

கடைசியில் அருங்காட்சியகம். வார இறுதியில் கூட்டமாக இருக்குமென்று திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தவன் அவனே. பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்தான் விடுமுறை என்பது இருவருக்குமே உறைக்கவில்லை. பூட்டிய கதவுக்கு முன் நின்று பதினான்கு படம் எடுத்துக்கொண்டான். எல்லாவற்றிலும் நான் கண்ணை மூடியிருக்கிறேன்.

இரவு, "நாளை சீக்கிரம் கிளம்பிவிடலாம்" என்று அலாரம் வைத்தான். போனில் சார்ஜ் 2 சதவீதம். நான் எதுவும் சொல்லவில்லை.