தெப்பக்குளத்தில் காலையில் நடக்கிறவர்களுக்கு

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒன்பது வருடமாக நடக்கிறேன். கைகால் நீட்டி மடக்குவதைப் பற்றி எங்கள் செட்டில் ஆளுக்கொரு கருத்து உண்டு. எனக்குத் தெரிந்தது இதுதான்: வந்ததும் வெடுக்கென்று குனியாமல் முதலில் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். நடை முடிந்தபின் கெண்டைக்காலையும் தொடையையும் 20, 30 விநாடி நிதானமாக நீட்டிப் பிடியுங்கள். வலித்தால் விட்டுவிடுங்கள்.

நான் எழுத வந்தது வேறு: ஒருவர் திடீரென்று சரிந்து இதயம் நின்றுவிட்டால், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்துவது பற்றி. போன மாசியில் ஒருவர் நடந்துகொண்டிருக்கும்போதே சரிந்தார். பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டோம். ஒருவர் தண்ணீர் தெளித்தார், ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார், சோடா வாங்க ஒரு பையன் ஓடினான். "மூச்சு இழுக்குது, பயப்படாதீங்க" என்று நான்தான் சொன்னேன். அது மூச்சே இல்லை. இதயம் நின்றதும் சிலருக்கு அப்படி விட்டுவிட்டு இழுக்கும், குறட்டை மாதிரி சத்தம்கூட வரும். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவர் பிழைக்கவில்லை. நெஞ்சை அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ரத்தம் போகாமல் நாலைந்து நிமிடம் ஆனாலே மூளை சேதமாகத் தொடங்கிவிடும். ஆம்புலன்ஸ் வரும்வரை அங்கே இருந்தது நாங்கள் மட்டும்தான்.

அப்புறம் ஒரு பயிற்சிக்குப் போய் பொம்மையில் அழுத்திக் கற்றுக்கொண்டேன். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஒருவர் 108-க்கு அடிக்க வேண்டும், இன்னொருவர் உடனே தொடங்கிவிட வேண்டும். கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நடுநெஞ்சு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையை வையுங்கள். முழங்கை மடங்காமல் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசாக மேலே எழ விடுங்கள். வயது வந்தவர்கள் திடீரென்று சரிந்தால், பழகாதவர்கள் வாயில் ஊத வேண்டியதில்லை, விடாமல் அழுத்தினாலே போதும். கண்மாயில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மூச்சும் கொடுக்க வேண்டும், அதை நேரில் பழகினால்தான் கைவரும்.

விலா எலும்பு ஒடிந்துவிடாதா என்று அண்ணன் ஒருவர் கேட்டார். ஒடியலாம் அண்ணே. அது பிறகு கூடிவிடும், நிறுத்தாதீர்கள். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துபோகும், அப்போது ஆள் மாற வேண்டும். அன்றைக்கு மாறி மாறி அழுத்தப் பதினைந்து பேர் இருந்தோம்.

பயிற்சி பொம்மை ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு நடை முடிந்ததும் மாரியம்மன் கோயில் எதிரே வாருங்கள். வீட்டுப் பெண்களையும் கூட்டி வாருங்கள். வீட்டில் யாராவது விழுந்தால் பக்கத்தில் இருக்கப்போவது பெரும்பாலும் அவர்கள்தான்.