அந்தமான் போனால் இரண்டு நாளைச் சும்மா விட்டு வையுங்கள்

"அந்தமான் போய்ட்டு வந்தோம்ப்பா, ஒண்ணுமே இல்ல, பாதி நாள் படகு ஜெட்டியிலயே போச்சு" என்று போன வாரம் உறவுக்காரர் ஒருவர் போனில் புலம்பித் தீர்த்தார். நான்கு இரவு ஐந்து பகல் பேக்கேஜ். அதற்குள் தலைநகர் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடாங் தீவுகள் என்று நான்கையும் திணித்திருக்கிறார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் என் முதல் பயணமும் இதே லட்சணம்தான்.

(பெயர் மாறிவிட்டது, தெரியும். ஹேவ்லாக் 2018-லேயே ஸ்வராஜ் தீப் ஆகிவிட்டது, நீல் ஷஹீத் தீப், போர்ட் பிளேர் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் புதுப் பெயர், ஜெட்டியில் கேட்கிற சத்தத்தில் பழைய பெயர். நானும் பழையதையே எழுதுகிறேன்.)

என் ஆதங்கமெல்லாம் ஒன்றுதான். நாம் அந்தமானை ஊட்டி மாதிரி நினைத்துக்கொண்டு போகிறோம். ஊட்டியில் மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு அடுத்த இடம் பார்க்கலாம். தீவில் காற்று மாறினால் அடுத்த இடமே கிடையாது, இருக்கிற இடத்தில் இருக்க வேண்டியதுதான். இதைப் பேக்கேஜ் விற்கிறவர் சொல்ல மாட்டார், சொன்னால் யார் வாங்குவது?

முதலில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்னையிலிருந்து கிட்டத்தட்ட 1,360 கிலோமீட்டர். வடக்கு முனைக்கு மியான்மரின் கோகோ தீவுகள் பக்கத்து வீடு மாதிரி, தெற்கு முனையான இந்திரா பாயின்டிலிருந்து சுமத்ரா 200 கிலோமீட்டர்கூட இல்லை. மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி நடந்துபோய் அங்கங்கே தலையை மட்டும் வெளியே நீட்டியிருக்கிறது, அந்தத் தலைகள்தான் இந்தத் தீவுகள். தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து அரசுக் கணக்கு 836, ஆட்கள் குடியிருப்பது முப்பது சொச்சத்தில். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வருகிற மாநக்கவாரம் இந்தக் கூட்டத்தின் தென்பாதியான நிக்கோபார்தான், ஆனால் சாதாரணப் பயணியாக அங்கே போக முடியாது. பழங்குடி மக்களுக்கான பகுதி, தனி அனுமதி வேண்டும். அது அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் சூரியன். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குக் கோட்டை வைத்து ஓடுகிறது, அந்தமான் இருப்பதோ 93 டிகிரி பக்கத்தில். டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால் அங்கே சூரியன் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடம் முன்னால் ஓடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடலுக்குள் போய்விடும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனம் பார்க்கலாம் என்று மதியச் சாப்பாடு முடித்து, ஒரு தூக்கம் போட்டு, சாவகாசமாக ஐந்தரைக்குப் போய் இருட்டைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். காலை ஐந்தரைக்கு நல்ல வெளிச்சம் வந்துவிடும், அதனால் ஊரே அதிகாலையில் இயங்குகிறது. நாம் மட்டும் ஒன்பது மணிக்கு இட்லி தேடிக்கொண்டிருப்போம்.

கடல் ஏறுவதும் வற்றுவதும் இன்னொரு கடிகாரம். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும், தினமும் நேரம் தள்ளிப்போகும். நீல் தீவில் இயற்கையாக அமைந்த கல் பாலத்துக்கு வற்று நேரத்தில்தான் நடந்துபோக முடியும், பாறைக் குழிகளில் நட்சத்திர மீனும் கடல் வெள்ளரியும் அப்போதுதான் தெரியும். ஏறின நேரத்தில் போனவர்கள் தூரத்திலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டு "இவ்வளவுதானா" என்று திரும்பினார்கள். ஒரே இடம், ஐந்து மணி நேர வித்தியாசம், அவ்வளவுதான். ஹோட்டல் ரிவ்யூ படிக்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்கை ஏற்றவற்ற அட்டவணைக்குக் கொடுத்தால் போதும்.

சரி, முதல் பயணத்தில் என்ன ஆனது என்று சொல்கிறேன். நவம்பர் கடைசி. ஹேவ்லாக்கிலிருந்து காலைப் படகு, மறுநாள் காலை விமானம். ஜெட்டிக்குப் போனால் படகு ரத்து. வானம் அப்படியொன்றும் மோசமாக இல்லை, லேசான தூறல்தான், எனக்கோ கோபம். பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அப்பா காலத்திலேயே ராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறியவராம், சிரித்தார். "தம்பி, இங்க பாக்காதீங்க, இது தீவோட மறைவு. நடுக் கடல்ல வாடை எப்படி இருக்குன்னு படகுக்காரனுக்குத்தான் தெரியும். போகலைன்னா நல்லதுன்னு நினைங்க." மூன்றாம் நாள்தான் படகு வந்தது. விமான டிக்கெட் போனது போனதுதான்.

இது என் துரதிர்ஷ்டம் மட்டுமில்லை. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையில் மரங்களைச் சாய்த்த வர்தா புயலை நமக்கெல்லாம் நினைவிருக்கும். அதே வர்தா பெயர்கூட வைக்காத காற்றழுத்தத் தாழ்வாக இருந்தபோது முதலில் உட்கார்ந்தது அந்தமான் மேல்தான். ஹேவ்லாக்கிலும் நீலிலும் சுமார் 1,400 பயணிகள் சிக்கி, கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டன. நாம் சீசன் என்று சொல்கிற மாதங்களின் தொடக்கம் அங்கே புயல் உருவாகும் காலமும்கூட. என்னைக் கேட்டால் ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைக்கும் போகலாம்.

இரண்டாவது முறை பதினொரு நாள் போனேன், வடக்கே திக்லிபூர் வரை. ஊருக்குள் சுற்றுலாக் கூட்டம் குறைவு, ராஸ்–ஸ்மித் என்று இரண்டு தீவுகளை ஒரு மணல் திட்டு கோத்து வைத்திருக்கிறது, அதுவும் கடல் ஏறினால் மறைந்துவிடும். ஆனால் என்னை உலுக்கியது வேறு. கரையோரம் ஒரு இடத்தில் சாம்பல் நிறத்தில் பாறை விரிப்பு, குனிந்து பார்த்தால் அத்தனையும் செத்த பவளப்பாறை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமான் ஒரு மீட்டர் அளவுக்கு மேலே எழும்பியது, தண்ணீருக்குள் இருந்த பவளம் வெயிலுக்கு வந்து செத்துப்போனது. அதே நாளில் போர்ட் பிளேர் பக்கம் நிலம் தாழ்ந்து சிப்பிகாட் வயல்களுக்குள் கடல் புகுந்தது, தெற்குக் கோடி இந்திரா பாயின்ட் நான்கு மீட்டருக்கும் மேல் அமிழ்ந்தது. மொத்தத் தீவுக் கூட்டமும் ஒரு தராசு மாதிரி சாய்ந்திருக்கிறது. சுனாமி என்றால் நமக்கு வந்து திரும்பிப்போன தண்ணீர். அங்கே நிலம் அப்படியே இடம் மாறி நின்றுவிட்டது. ஞாபகத்துக்கு ஒரு துண்டு பவளத்தை எடுக்கலாமா என்று கை போனது, எடுக்கவில்லை. செத்த பவளம் என்றாலும் வனவிலங்குச் சட்டம் சட்டம்தான், விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

சாடில் பீக் மலை ஏறினேன். 732 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டர் என்று பழகிய நமக்கு இது ஒரு மேடு மாதிரித் தோன்றும். ஆனால் இங்கே கணக்கு கடல் மட்டத்திலிருந்து நிஜமாகவே தொடங்குகிறது, கால் நனைகிற இடத்திலிருந்து ஏற வேண்டும். முதலில் கடலோரக் கூழாங்கல் மேல் நடை, அதற்குப் பிறகு காடு, புழுக்கம், அட்டை. போக வர பதினாறு கிலோமீட்டர் அளவு. விடிந்ததும் கிளம்பாவிட்டால் அந்த ஐந்து மணி இருட்டு காட்டுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். இரண்டு லிட்டர் தண்ணீர் போதும் என்று நினைத்தேன், போதவில்லை.

கடல் விளையாட்டு பற்றிக் கேட்பீர்கள். தலையில் பெரிய ஹெல்மெட் மாட்டிக் கடலுக்கடியில் நடக்கிற சமாச்சாரம் எனக்குப் பிடிக்கவில்லை, கொடுக்கிற காசுக்கு ஒரு முழு நாள் ஸ்நார்க்கெல் (மூச்சுக் குழாய் மாட்டி நீர்ப்பரப்பில் நீந்துவது) செய்யலாம். ஹேவ்லாக்கின் எலிஃபென்ட் பீச்சுக்கு எல்லோரும் ஸ்பீட் போட்டில் போகிறார்கள், காட்டு வழியாக இரண்டு கிலோமீட்டர் நடந்தும் போகலாம், அதுதான் அழகு. முதலை எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அதன் பக்கத்தில் செல்ஃபி எடுக்காதீர்கள். 2010-இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்க்கெல் செய்துகொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்ணை உப்புநீர் முதலை கொன்றிருக்கிறது. ஓடை கடலில் கலக்கிற இடம், அலையாத்திக் காட்டு ஓரம், பொழுது சாயும் நேரம், இந்த மூன்றிலும் தண்ணீரில் இறங்காதீர்கள்.

இன்னொன்று, சிலருக்குக் கோபம் வரலாம். பாராடாங் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பார்க்க, ஜிர்காடாங்கிலிருந்து காவலோடு வரிசையாகப் போகும் கான்வாயில் ஜாரவா பழங்குடிகளின் காட்டை ஊடறுத்துப் போகிறோமே, அது எனக்கு உறுத்துகிறது. இந்தச் சாலையை மூடச் சொல்லி 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது, இன்னும் வண்டி ஓடுகிறது. போட்டோ எடுக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனாலும் வண்டிக்குள் எல்லார் கண்ணும் ஜன்னலில்தான், குகை யாருக்கும் நினைவில்லை. முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் எட்டிப் பார்த்தேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இரண்டாவது முறை ஹேவ்லாக்கிலிருந்து லாங் ஐலண்ட் வழியாக ரங்கத் ஊருக்கு அரசுப் படகில் போய், அங்கிருந்து பஸ் பிடித்தேன். நேரம் அதிகம்தான், அந்தக் காட்டைத் தொடவில்லை.

லாங் ஐலண்டில் ஒரு நாள் படகு வரவில்லை. இந்த முறை கோபம் வரவில்லை, திட்டத்திலேயே இரண்டு நாள் வெற்றாக வைத்திருந்தேன். ஜெட்டியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தெளிந்த தண்ணீரில் மீன் கூட்டம் திரும்புவதைப் பார்த்தேன். மணல் ஈ கடித்த இடம் மட்டும் ஒரு வாரம் அரித்தது.

இதையெல்லாம் உறவுக்காரரிடம் சொன்னதற்கு, "ரெண்டு நாள் சும்மா உக்காரவா அவ்ளோ தூரம் போறது?" என்றார். அவருடைய அடுத்த பேக்கேஜ் பாலியாம், ஆறு நாளில் நான்கு தீவு.